லயத்துக்கு வீசிய பந்து

ஆசியாவில் பெண்கள் ரக்பிக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டில் ஜப்பான் மாதிரி நாடுகள். கீழ்த்தட்டில் நாங்கள். கீழ்த்தட்டுப் போட்டியில் முதலாவதாக வருகிற ஒரே ஒரு நாடு அடுத்த வருடம் மேலே ஏறலாம். ஏறினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: ஜப்பானிடம் உதை கிடைக்கும். மேலே போகிற அணியை அங்கே வெளுத்து வாங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அடுத்த வருடமே அது கீழே வந்து சேரும்.

இதை அம்மாவிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னேன். அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்போது இருந்தோம். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, ஒதை வாங்கறதுக்கா இத்தன பாடு? கீழயே இருந்து நாலு பேர ஒதச்சுட்டுப் போலாமல்ல?"

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால குட்டுப்படோணும்னு நீதானம்மா சொல்லுவே."

"அது படிப்புக்குச் சொன்னது" என்றாள் அம்மா. பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

எனக்கு அந்த மோதிரக் கை வேண்டும். அவ்வளவுதான். இந்திய அணியில் நான் சேர்ந்த நாளிலிருந்து மூன்று முறை இரண்டாவதாக வந்திருக்கிறோம். இரண்டாவதாக வருவதில் ஒரு கேவலம் இருக்கிறது. கடைசியாக வருபவளுக்குக்கூட அது கிடையாது. கடைசியாக வந்தவளுக்கு ஆறுதல் சொல்வார்கள். இரண்டாவதாக வந்தவளிடம், "சரி விடு, அடுத்த வருசம்" என்பார்கள். இன்னொரு "அடுத்த வருசம்" கேட்டால் யாரையாவது முட்டிவிடுவேன் என்ற நிலையில் இருந்தேன். முட்டுவது எனக்குத் தொழில் வேறு.

நான் குட்டை. தோள் மட்டும் அகலம். பள்ளியில் கூடைப்பந்துக்கும் வேண்டாம் என்றார்கள், ஓட்டத்துக்கும் வேண்டாம் என்றார்கள். ராணுவக்காரர்கள் அதிகம் இருக்கிற ஊர்ப்பக்கம் என்பதால் ரக்பி சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது. வந்தவர் என்னைப் பார்த்ததும் நேராக முன்வரிசைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹூக்கர் என்று பெயர். இரண்டு கட்டுமஸ்தான பெண்களின் தோள்களைப் பிடித்துக்கொண்டு எதிர்வரிசையோடு முட்டுகிறவள். இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். குட்டையான பிள்ளைகளை நான் எதற்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஹூக்கருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் அதை உள்ளே வீசுகிறவளும் அவளே. இதற்கு லைன்அவுட் என்று பெயர். இரண்டு அணிகளும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். நான் கோட்டில் நின்று இரண்டு வரிசைக்கும் நடுவே பந்தை எறிவேன். ஒவ்வொரு பக்கமும் ஒருத்தியை இடுப்பைப் பிடித்து மேலே தூக்குவார்கள். யார் கையில் சிக்குகிறதோ பந்து அவர்களுக்கு. வரிசையின் முன்னால் வருமா, நடுவிலா, கடைசியிலா என்பது எங்களுக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியாது. அந்த ஒரு சங்கதியை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது. அதனால் வீசுவதற்கு முன் எதிரிக்குப் புரியாத ஒரு சொல்லைக் கத்த வேண்டும்.

முந்தைய வருடங்களில் எண்களை வைத்துக் கத்தினோம். பாதி ஆட்டத்துக்குள் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. எங்கள் கோச் கொல்கத்தாக்காரர். என்னைவிடக் குட்டை, என்னைவிடக் கோபக்காரி. "இந்த முறை உன் பாஷையில் வை" என்றார். அணியில் பாதிப்பேர் ஒடிசா, மீதிப்பேர் வங்காளமும் மகாராஷ்டிரமும். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். எதிரணிகளில் எவளுக்குத் தமிழ் தெரியப் போகிறது?

நான் மூன்று சொற்கள் கொடுத்தேன். கொழுந்து, நிறுவை, லயம். தேயிலைத் தோட்டத்தில் காலையில் கொழுந்து எடுக்கப் போவார்கள், மத்தியானம் எடுத்ததை நிறுத்துப் போடுவார்கள், சாயங்காலம் லயத்துக்குத் திரும்புவார்கள். முன், நடு, கடைசி. அம்மா பிறந்தது கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில். எனக்கு இந்த வரிசை தூக்கத்தில்கூட மாறாது. லயம் என்றால் தொழிலாளர் வீடுகளின் வரிசை. உண்மையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதை லைன் என்பார்கள். லைன்அவுட்டில் போய் லைன் என்று கத்தினால் குழம்பும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் லயம் என்று சொல்வார்கள். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பலர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சொல் அழகாக இருந்தது. இழுத்துக் கத்தினால் தூரம் கேட்டது. எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் போட்டியையே எங்கள் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மே மாதத்தில் சமவெளியில் ரக்பி ஆடினால் ஆள் செத்துவிடும் என்று யாருக்கோ புத்தி வந்திருந்தது. குன்னூருக்குக் கீழே ஒரு மைதானம். மூன்று பக்கம் மரம், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. அதற்கு ஒரு மாதம் முன்பே எங்களுக்கு அங்கே பயிற்சி முகாம். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அந்த இடத்துக்கு எங்களுக்கு ஒடிசாக்காரி ஒருத்தி இருந்தாள், நல்ல உயரம். "லயம்" என்று கத்திவிட்டு, அவள் இருக்க வேண்டிய இடத்தை நம்பிப் பந்தை வீசுவேன். கொஞ்சநேரம் ஒன்றும் கேட்காது. பிறகு பனிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு கேட்கும். பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். முகாம் முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் அவள் கைக்குப் போகும் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆசியாவின் கீழ்த்தட்டில் என்னைவிட நன்றாக அந்தப் பந்தை வீசுகிறவள் அன்று யாரும் இல்லை.

நான்கு நாடுகள். நாங்கள், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், இலங்கை. ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும்.

முதல் ஆட்டம் பிலிப்பைன்ஸோடு. அனுமதி இலவசம் என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். சீசனுக்கு வந்த சுற்றுலாக்காரர்களும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கி அடிப்பதை ஊரே ஒரு மாதிரி திகைப்போடு பார்த்தது. நான் முதல் லைன்அவுட்டில் நின்று "கொழுந்து" என்று அடிவயிற்றிலிருந்து கத்தியதும், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"ஞாயித்துக்கெழமையும் நம்மள வேலைக்குக் கூப்புடறாளே" என்றாள் ஒரு பெண்.

இரண்டாம் பாதிக்குள் வேடிக்கை பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் "லயம்" என்று கத்தினால் கூட்டம் மொத்தமும் தலையைத் திருப்பி வரிசையின் கடைசியைப் பார்த்தது. அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நன்றாகவே ஜெயித்தோம்.

சிங்கப்பூர் பற்றித்தான் எனக்குப் பயம். அங்கே தமிழ் உண்டே. அவர்கள் தங்கியிருந்த விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேண்டுமென்றே பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்து, "உப்பு இருக்குதுங்களா?" என்று தமிழில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் திரும்பவில்லை. ஒரு பெண் மட்டும் பாவம் பார்த்து மிளகுத்தூளை நீட்டினாள். நிம்மதியாகப் போய் அவர்களையும் ஜெயித்தோம்.

இலங்கையைப் பற்றி எனக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. அவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள், எங்களோடு இங்கிலீஷில் பேசினார்கள். எல்லா அணிகளுக்கும் ஒருநாள் தேநீர் விருந்து வைத்து ஊட்டி வர்க்கி கொடுத்தார்கள். இலங்கைப் பெண்கள் அதை டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, தங்கள் ஊர் டீதான் நல்லது என்றார்கள். நான் விடுவேனா? கால்மணி நேரம் இங்கிலீஷில் வாதாடினேன். லயம் என்ற சொல்லை அவர்கள் தோட்டத்திலிருந்து எடுத்து, அவர்களுக்கு எதிராகவே கத்தப் போகிறோம் என்பது அந்தக் கால்மணி நேரத்திலும் என் மண்டையில் உறைக்கவில்லை. சிங்கப்பூர்க்காரிகளிடம் உப்புக் கேட்டுப் பார்த்த கெட்டிக்காரி நான்.

அவர்களும் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். ஆகவே கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே. தோற்பவருக்கு "அடுத்த வருசம்".

ஆட்டத்தின் முதல் லைன்அவுட். "நிறுவை" என்று கத்தி நடுவில் வீசினேன். எங்கள் ஆள் எழும்புவதற்குள் அவர்களில் ஒருத்தி எழும்பிப் பந்தைப் பறித்துக்கொண்டு போனாள். ஒல்லி, கை நீளம், தலையில் கறுப்புக் கவசத் தொப்பி. சரி, அதிர்ஷ்டம் என்று விட்டேன். அடுத்தது "கொழுந்து". அவள் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்தது "லயம்", என் செல்லப் பந்து. நான் கையை ஓங்குவதற்குள் அவள் கடைசிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தால் ஹூக்கருக்குத் தன் வீச்சின் மேலேயே சந்தேகம் வரும் என்பார்கள். எனக்குச் சந்தேகம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் வீச்சில் கோளாறு இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கோளாறு வேறு எங்கேயோ இருந்தது. அதற்குள் அவர்கள் எங்கள் பின்பக்க எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். எங்கள் கோச் ஓரத்தில் நின்று வங்காள மொழியில் திட்டுவது எனக்குக் கேட்டது. அந்தப் பாஷை எனக்குத் தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் பந்து கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போயிற்று. கூடவே அந்தக் கறுப்புத் தொப்பிக்காரியும் வேகத்தில் நிற்க முடியாமல் கூட்டத்துக்குள் போய் விழுந்தாள். வீச வேண்டியது நான் என்பதால் பந்தை வாங்கப் பின்னாலேயே போனேன். தோட்டத்துப் பெண் ஒருத்தி அவளைக் கைகொடுத்து எழுப்பினாள்.

"தங்கச்சி, கையில அடிபட்டுருச்சா?"

"இல்லக்கா, ஒன்னும் இல்ல" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது, பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு வருகிற சிரிப்பு.

"எந்தத் தோட்டம் கண்ணு நீ?" என்று அந்தப் பெண் மேலும் விசாரிக்கத் தொடங்கினாள். நான் பந்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான். உலகத்தில் கொழுந்து, நிறுவை, லயம் மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிப் பார்க்கத் தெரிந்த ஊர்கள் இரண்டு. ஒன்று இது. இன்னொன்றிலிருந்து ஒரு பெண் எதிர்வரிசையில் நிற்கிறாள். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்; அவளுக்கு அது அவள் வீட்டுக் காலையும் சாயங்காலமும். பூட்டைச் செய்து சாவியை அதன் மேலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை.

இடைவேளையில் கோச்சிடம் சொன்னேன். அவர் என்னைக் கொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"புதுச் சொல் கற்றுக்கொடுக்க நேரம் இருக்கிறதா?"

"இல்லை. இந்த மூன்றுக்கே ஒரு மாதம் ஆயிற்று."

"அப்படியானால் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முன்னாலேயே வீசு."

அப்படியே செய்தோம். கத்தாமல் சட்டென்று முன்னால் இருப்பவளுக்கு வீசுவது. பந்து கிடைத்தது, ஆனால் பந்தோடு எதிரிகள் எல்லோரும் அங்கேயே கிடைத்தார்கள். முன்னால் பிடித்த பந்தை வைத்துக்கொண்டு ஓட வழி இருக்காது, முட்டி முட்டி ஓரடி நகரலாம். நான் முட்டினேன். ஒரு முறை எங்கள் பக்கமும் புள்ளி எடுத்தோம். ஆனாலும் அவர்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தார்கள். பனிமூட்டம் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

கடைசி நேரத்தில் அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். எங்களுக்குத் தண்டனை உதை கிடைத்தது. அதைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளிதான், நான்கை எட்டாது. அதனால் பந்தை ஓரத்துக்கு உதைத்தோம். அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில், மூலையில் ஒரு லைன்அவுட். வீச வேண்டியது நான். இதோடு ஆட்டம் முடிகிறது, கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் ஐந்து புள்ளி, மேலே போவோம்; இல்லாவிட்டால் இன்னொரு வருடம்.

முன்னால் வீசினால் மொத்த இலங்கையும் அங்கே நிற்கிறது. கடைசிக்கு வீசினால் வழி திறந்து கிடக்கிறது. ஆனால் நான் கத்தாமல் கடைசிக்கு வீசினால் என் ஒடிசாக்காரிக்கு எப்படித் தெரியும்? பனியில் அவள் முகமே சரியாகத் தெரியவில்லை. கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினால் கறுப்புத் தொப்பிக்காரிக்கும் தெரியும்.

பந்தைத் தலைக்கு மேல் பிடித்தேன். சட்டென்று மனசு லேசாயிற்று. அவளுக்குத் தெரிவது பிரச்சினை இல்லை, அவள் நம்பக் கூடாது, அவ்வளவுதான். இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தவள் கடைசிப் பந்துக்கு உள்ளதை உள்ளபடி கத்தினால் எந்த மடச்சி நம்புவாள்?

"லயம்" என்று கத்தினேன். நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துப் பெண்கள் ஓவென்று கூவினார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னேன்.

"நெசமாத்தான் தங்கச்சி. லயத்துக்குத்தான் வீசப் போறேன்."

அவள் தன் கேப்டனிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். கேப்டன் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், சுருக்கென்று ஒரு வார்த்தை கேட்டாள். அவள் வரிசைக்குள் திரும்பி நின்றாள். கேப்டன் கையை நீட்டி முன்னால் காட்டினாள். அவர்கள் வரிசை முழுவதும் முன்னால் நெருங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பலித்துவிட்டது.

வீசினேன். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய்ப் பனிக்குள் மறைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு கேட்டது. நாங்கள் ஓடிப் போவதற்குள் என் ஒடிசாக்காரி கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தின் மேல் படுத்துக் கிடந்தாள்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. கோச் என் முதுகில் ஏறியிருந்தார். அம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, சேறும் சகதியுமாக இருந்த என்னைத் தொட மனம் வராமல், முந்தானையால் என் காதை மட்டும் துடைத்துவிட்டாள். "சரி, போயி மோதரக் கையில குட்டு வாங்கீட்டு வா" என்றாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுததைச் சொல்ல எனக்கு என்ன?

எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கறுப்புத் தொப்பிக்காரியைத் தேடிப் போனேன். கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும்தான் போனேன், ஏன் மறைக்க வேண்டும்? அவள் தன் அணியிலிருந்து தள்ளி, புல்லில் உட்கார்ந்து கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம் நீ?"

"நுவரெலியாப் பக்கம்க்கா. அம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்குறாங்க."

"எப்பக் கண்டுபுடிச்சே?"

"நீங்க ஆடுன மொத மேட்ச்சுலயே. ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். சிரிப்பை அடக்க முடியல. டீ குடிக்க வந்தப்பவே ஒங்களோட பேசணும்னு இருந்துச்சு. மேட்ச் முடியட்டும்னு பொறுத்துக்கிட்டேன்."

"கடைசியில எப்படி ஏமாந்தே பாத்தியா?" என்றேன்.

அவள் கைக்கட்டைப் பிரிப்பதை நிறுத்தினாள்.

"நான் ஏமாறலக்கா. நீங்க மேட்ச் பூரா ஒரு தடவகூடப் பொய் சொல்லல. கடைசியில மட்டும் ஏன் சொல்லப் போறீங்க? பின்னாடிதான் வருதுன்னு கேப்டன்கிட்ட சொன்னேன்."

"அப்புறம்?"

"'அவ ஒன்னோட பாஷையில பேசுறாங்கிறதுக்காக நம்புறியா'ன்னு கேட்டாங்க."

குறை சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மேட்ச் பூராவும் என் பந்துகளைப் பறித்து அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவள் இவள். நான் அவர்கள் எல்லோர் முன்னாலும் அவளிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசினேன். அந்த இரண்டு வார்த்தை அவளை ஏமாற்றவில்லை. அவளை அவள் ஆட்களிடமிருந்து பிரித்து ஓரமாக நிறுத்திவிட்டது. நான் ஜெயித்ததற்காக வருத்தப்படவில்லை. அந்தப் பந்து மறுபடியும் கைக்கு வந்தால் மறுபடியும் அங்கேதான் வீசுவேன். ஆனால் இப்படி அவளைப் புல்லில் தனியாக உட்காரவிட்டுவிட்டுப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

எழுந்து நேராக அவர்கள் கேப்டனிடம் போனேன். முழங்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். எத்தனை முறை இரண்டாவதாக வந்திருக்கிறாளோ.

"கடைசிப் பந்துக்கு உங்கள் அணிப் பெண் உங்களிடம் சொன்னது சரி" என்று இங்கிலீஷில் சொன்னேன். "பின்னால் வீசப் போகிறேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். வேறு ஒன்றும் நாங்கள் பேசவில்லை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "பந்து என் தலைக்கு மேலே போகும்போதே தெரிந்துவிட்டது."

"அதை அவளிடம் சொன்னீர்களா?"

"அந்த மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை."

"அவள் பாஷையில் சொல்லுங்கள்" என்றேன். "மூன்றே வார்த்தை. நான் சொல்லித் தருகிறேன்."

அவள் என்னை முறைத்தாள். ஜெயித்தவளின் திமிர் என்று நினைத்திருக்கலாம். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் நான் சொல்ல, அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். ஒடிசாக்காரிகளுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்த பொறுமை எனக்கு இருந்தது. மூன்றாவது முறை ஓரளவு வந்தது. ஐஸ் பையைக் கீழே போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மைதானத்தைக் கடந்து போனாள்.

கேப்டன் வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். கேப்டன் அவளுக்கு எதிரே போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, தமிழில் சொன்னாள்.

"நீ சொன்னது சரி."

தோற்றபோது அழாதவள் அப்போது அழுதாள்.